மூன்று எழுத்து, அறுபது சாக்கு

புளியரைச் சாவடியில் எடைமேடை என் பொறுப்பு.
இரவு பத்திலிருந்து காலை ஆறு.
இரண்டு லாரிகளுக்கு நடுவே
பழைய ரசீதின் முதுகில் கட்டம் கிழித்து
குறுக்கெழுத்துப் புதிர் போடுவேன்.
தென்காசி வாரப் பத்திரிகை ஒன்றில் வரும்.
புதிருக்கு எழுபது ரூபாய்,
பெயர் போடமாட்டார்கள்.

அன்றைக்கு ஐந்து குறுக்கே முடிந்திருந்தது:
"கிழக்கே புல்லின் மேல், மேற்கே நெற்றியின் மேல் (2)."
பதினொன்று நெடுக்கேதான் இழுத்தடித்தது.
"கதிரில் வந்தால் குடி கெடும்,
கதவில் வந்தால் வீடு திறக்கும் (2)."
சாவி.
எழுத்து ஒன்று, உறவு கிடையாது.
ஒன்று சாவில் பிறந்தது.
மற்றது போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்து
நம் இடுப்பில் தொங்குகிறது.
கணவாய்க்கு அந்தப் பக்கம் இன்னும் தாக்கோல்தான்:
தாழும் கோலும்,
நாம் கைமறதியாய் வைத்துவிட்டு வந்தது.
இதையெல்லாம் ஒரு வரிக் குறிப்பில் எப்படி அடைப்பது
என்று பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கையில்
மழையோடு வந்து நின்றது கொல்லம் வண்டி.

ஓட்டுநர் தங்கச்சன்.
பில் மலையாளத்தில்.
நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்:
மு, ள, கு. அறுபது சாக்கு.
"மிளகா! அறுபது சாக்கா!"
குத்தாலிங்கம் சார் கட்டிலை விட்டே எழுந்துவிட்டார்.
"அதுக்கு இந்தத் தொகையா?
யாரை ஏமாத்துதீரு, வே?"
"முளகு தன்னே சாரே, முளகு!"
"அதைத்தாம்வே நானும் சொல்லுதேன்!"
இருவரும் ஒரே சொல்லை
ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள்.

எனக்கு முள் உறுத்தியது, தராசு முள்.
அறுபது சாக்கு மிளகு என்றால்
மேடை முனகியிருக்கும்.
இது ஏதோ பஞ்சு போல ஏறி நின்றது.
தார்ப்பாயை விலக்கி
ஒரு சாக்கின் தையலைப் பிரித்தேன்.
சிவப்பு.
வத்தல்.
புனலூர்க் கடைக்காரர் ஈரம் என்று திருப்பிவிட்ட சரக்கு.
முதலில் தும்மியது சார்.
அப்புறம் நான், தங்கச்சன், காவல்காரர்,
வேப்பமரத்தடி நாய்.

"இதை முளகுன்னா, மிளகை என்னன்னு சொல்லுவீரு?"
"குருமுளகு."
சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு
அது என்ன நியாயம் என்றார்.

நியாயம் இல்லைதான்.
கடல் தாண்டி வந்த காய்க்குப் பெயரில்லை.
நாக்கில் வைத்தவர்களுக்கு
மிளகுதான் ஞாபகம் வந்திருக்கும்.
நாம் மிளகோடு ஒரு காயை ஒட்டி
வாசலில் நிறுத்தினோம்.
அவர்கள் உள்ளே கூப்பிட்டார்கள்.
வந்தவன் பெயரையே எடுத்துக்கொண்டான்.
மலையிலேயே பிறந்து கொடியேறிய பழையவன்
தன் பெயரைச் சொல்ல
முன்னால் ஒரு குரு வேண்டியிருக்கிறது.

பில்லில் முத்திரை விழுந்தது.
தங்கச்சன் போகவில்லை.
கட்டங்களைக் காட்டி என்ன என்று கேட்டார்.
ஐந்து குறுக்கே வாசித்துக் காட்டினேன்.
வாயைத் திறக்கவில்லை,
புறங்கையை நெற்றியில் வைத்து
லேசாக நடுங்கிக் காட்டினார்.
சரியான விடை.
பதிலுக்கு ஒன்று போட்டார்:
"நிங்ஙள் ஜெயிலில் தின்னும்,
ஞங்ஙள் மைதானத்தில் காணும். ரெண்டெழுத்து."
நான் யோசிப்பதற்குள் கியர் விழுந்துவிட்டது.
செங்கோட்டைப் பக்கம் சிவப்பு விளக்குகள் இறங்கின.

அதையே பதினேழு குறுக்கேயாக
அவர் சொன்னபடி எழுதினேன்.
கட்டம் இரண்டும் காலி.
"தெரிஞ்சுதா?" என்றார் சார் போர்வைக்குள்ளிருந்து.
தெரிந்தது, மூன்று மணிக்கு.
சொல்லவில்லை.
விடை அடுத்த வாரம்தானே வழக்கம்.

தூக்கம் வந்து கண்ணைக் கசக்கினேன்.
விரலில் இருந்தது
முளகோ மிளகாயோ,
விடியும் வரை
தண்ணீர்த் தொட்டியில் முகம்.